சித்திரைக்கு அளந்து அமையுங்கள்: வீட்டுக் கணினியின் சூட்டையும் இரைச்சலையும் குறைக்க முழுமையான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து வீடுகளில் மேசைக் கணினியால் ஆண்டுக்கு இரண்டு தொல்லைகள். பங்குனி பிறந்தால் சூடு, கார்த்திகை கழிந்தால் சத்தம். ஏப்ரல், மே மாதங்களில் கேபினட்டுக்குள் இருக்கும் ஃபேன்கள் முழு மூச்சில் சுற்றும். ஆனால் தலைக்கு மேல் சீலிங் ஃபேன் ஐந்தாம் எண்ணில் ஓடுவதால் அந்த இரைச்சல் யார் காதிலும் விழாது. மார்கழி இரவில் சீலிங் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காரும்போதுதான் பெட்டி உறுமுவது தெரியும். பக்கத்து அறையில் படுத்திருப்பவரும் கேட்டுவிட்டுக் குறை சொல்வார்.

பெரும்பாலானவர்கள் சத்தம் கேட்கும் காலத்தில்தான் கணினியில் கை வைக்கிறார்கள். ஜனவரியில் ஃபேன் வேகத்தைக் குறைத்து, அமைதியாகிவிட்டது என்று மகிழ்ந்து, ஏப்ரலில் வேலை நடுவே கணினி திணறும்போது விழிக்கிறார்கள். இங்கே வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். கணினியைச் சித்திரை வெயிலுக்கு அளந்து அமையுங்கள். சூடு வெளியேறும் வழி சரியாகிவிட்டால் ஃபேன் வேகமாகச் சுற்ற வேண்டிய தேவையே குறையும். மார்கழியின் அமைதி பெரும்பகுதி அதிலிருந்தே கிடைத்துவிடும். குளிர் நாட்டுக்காரர்கள் 20, 22 டிகிரி அறையில் அமர்ந்து எழுதிய அளவுகளை அப்படியே நம் ஊருக்குப் பொருத்தினால் சரிவராது.

முதல் படி: அளப்பது

விண்டோஸ் கணினியில் எச்.டபிள்யூ.இன்ஃபோ அல்லது லிப்ரே ஹார்ட்வேர் மானிட்டர் போதும், இரண்டுமே இலவசம். லினக்ஸில் எல்.எம். சென்சார்ஸ் இருக்கிறது. குறித்துக்கொள்ள வேண்டியவை மூன்று: அறையின் வெப்பநிலை, கணினி பத்து நிமிடம் சும்மா இருந்தபின் பிராசசரின் வெப்பநிலை, கடும் வேலையில் இருபது நிமிடம் ஓடியபின் பிராசசரின் வெப்பநிலை. கடும் வேலை என்பது நீங்கள் உண்மையில் செய்யும் வேலையாக இருக்கட்டும். வீடியோ தொகுப்பவர் ஒரு வீடியோவை ரெண்டர் செய்யலாம், விளையாடுபவர் விளையாடலாம். பிராசசரைப் பிழிந்தெடுக்கும் சோதனை மென்பொருள்களை வைத்து அளந்துவிட்டு, அன்றாடம் வராத சூட்டுக்காகக் கவலைப்படுவது வீண்.

அறை வெப்பத்தைச் செல்போனின் வானிலைச் செயலியில் பார்க்காதீர்கள். சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானி ஒன்று வேண்டும். மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள அறையில் வெளி வெப்பமும் உள் வெப்பமும் ஒன்றாக இருக்காது. பகல் முழுவதும் வெயிலைக் குடித்த கான்கிரீட், இரவு ஒன்பது மணிக்கும் அதை அறைக்குள் கக்கிக்கொண்டிருக்கும். ஓசூர்க்காரர்களுக்கு மட்டும் இதில் சற்றுச் சலுகை உண்டு. ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், தருமபுரியில் அறை கொதிக்கும் நேரத்திலும் அங்கே சில டிகிரி குறைவாகவே இருக்கும்.

இந்த மூன்று எண்களிலிருந்து எடுக்க வேண்டியது வித்தியாசம். ஜனவரியில் அறை 25 டிகிரி, கடும் வேலையில் பிராசசர் 70 டிகிரி என்றால் வித்தியாசம் 45. அதே வேலை, அதே ஃபேன் வேகம், ஏப்ரலில் அறை 38 டிகிரி என்றால் பிராசசர் ஏறத்தாழ 83 டிகிரிக்குப் போகும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஃபேனும் அறை வெப்பத்துக்குக் கீழே குளிர்விக்காது. உங்களால் குறைக்க முடிந்தது இந்த 45 என்ற வித்தியாசத்தை மட்டுமே. ஆகவே குளிர்காலத்தில் அளந்தாலும் பரவாயில்லை. வித்தியாசத்தோடு 38-ஐக் கூட்டிப் பாருங்கள், சித்திரை நிலவரம் கையில் கிடைத்துவிடும்.

எது வரை தாங்கும்? இன்டெல்லின் பெரும்பாலான மேசைப் பிராசசர்கள் 100 டிகிரியிலும், ஏ.எம்.டி.-யின் ரைசன் 5 5600 போன்றவை 90 டிகிரியிலும், ரைசன் 7000 வரிசையில் பல 95 டிகிரியிலும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். உடனே எரிந்துபோகாது, வேலை மந்தமாகும். சித்திரைப் பிற்பகலில் கடும் வேலையில் 85 டிகிரிக்குள் நின்றால் போதும் என்பது என் கணக்கு. 60 டிகிரிக்குள் வைத்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடிப்பவர் அதற்கான விலையைக் காதால் கட்ட வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: சத்தம் எங்கிருந்து வருகிறது

பழைய காலண்டர் தாளைக் குழலாகச் சுருட்டுங்கள். ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையைக் கேபினட்டின் முன்பக்கம், பின்பக்கம், கீழ்ப்பக்கம் என்று நகர்த்துங்கள். எந்த இடத்தில் சத்தம் எழுகிறது என்பது சட்டென்று பிடிபடும்.

‘உஸ்’ என்று சீராக வருவது காற்றின் சத்தம். வேகத்தைக் குறைத்தால் அடங்கும். ‘கரகர’ அல்லது ‘டிக் டிக்’ என்றால் ஃபேனின் பேரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது ஒரு வயர் இறக்கையில் உரசலாம். தாழ்ந்த ‘ம்ம்’ ரீங்காரம் பெரும்பாலும் ஹார்டு டிஸ்க்குடையது. நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் நொடிக்கு 120 சுற்று. அந்த அதிர்வு தகரத்தில் ஏறி மேசையில் இறங்கும்போது பெரிதாகக் கேட்கும். விளையாட்டு தொடங்கியதும் வரும் மெல்லிய ‘கீச்’ ஒலி கிராபிக்ஸ் கார்டின் சுருள்களிலிருந்து வருவது. அது பழுது அல்ல. விளையாட்டின் ஃப்ரேம் எண்ணிக்கையைத் திரையின் அளவுக்கு, பெரும்பாலும் 60-க்கு, கட்டுப்படுத்தினால் தணியும்.

செல்போனின் ஒலிமானிச் செயலி காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. ஆனால் ஒரே இடத்தில், ஒரே தொலைவில் வைத்து முன்பும் பின்பும் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

மூன்றாம் படி: பெட்டி இருக்கும் இடம்

செலவில்லாமல் பலன் தரும் படி இது. கணினி மேசைகளில் கேபினட்டுக்கென்று ஓர் அறை வைத்திருப்பார்கள். மூன்று பக்கமும் பலகை, முன்னால் கதவு. பின்பக்கம் வெளியேறும் சூடான காற்று சுவரில் மோதி, பலகைக்குள்ளேயே சுற்றி, முன்பக்கமாக மறுபடியும் உள்ளே போகும். அதன்பின் உங்கள் கணினிக்கு அறை வெப்பம் 38 அல்ல, 45. முடிந்தால் பெட்டியை வெளியே எடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் பின்பலகையையும் கதவையும் கழற்றுங்கள். பின்னால் சுவருக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி தேவை. மேலே துணி விரித்துச் சாமி படம், பிரின்டர் வைக்கும் பழக்கமும் வேண்டாம். பல கேபினட்டுகளில் மேல்பக்கம்தான் சூடு வெளியேறும் வழி.

தரையில் நேராக வைக்காமல் அரையடி உயரத்தில் ஒரு மரப்பலகையின்மேல் வையுங்கள். பெருக்கும்போது எழும் தூசு முதலில் போய்ச் சேருவது தரையோரத்தில் காற்றை இழுக்கும் ஃபேனிடம்தான். சாம்பிராணிப் புகையும் தாளிப்பின் எண்ணெய் ஆவியும் வரும் இடத்தைத் தவிருங்கள். வெறும் தூசை ஊதிவிடலாம். எண்ணெய் கலந்து ஒட்டிய தூசு ஊதினால் போகாது, பிரஷ் வைத்துத் தேய்க்க வேண்டும்.

தண்ணீர் ஊற்றும் ஏர் கூலரைக் கணினிக்கு நேராகத் திருப்பிவைப்பதும் நம் ஊர் வழக்கம். அறை குளிர்வதால் கணினிக்கும் நல்லதுதான். ஆனால் கூலரின் காற்று நேரடியாகப் பெட்டிக்குள் போகக் கூடாது. ஈரக்காற்றோடு தெறிக்கும் நுண்துளிகளும், ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரின் உப்பும் உள்ளே படியும். கூலர் மனிதர்களைப் பார்க்கட்டும், கணினி ஓரமாக இருக்கட்டும்.

நான்காம் படி: தூசு

இந்த இரண்டு மாவட்டங்களிலும் தூசுக்குப் பஞ்சமில்லை. செம்மண் ஒரு பக்கம், கிரானைட் அறுக்கும் பட்டறைகளின் மாவு ஒரு பக்கம், 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையோரம் என்றால் லாரிகளின் புழுதி வேறு. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்கிறதோ இல்லையோ, ஆவணி பிறக்கும்போது கேபினட்டின் வலை அடைந்திருக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை சுத்தம் செய்யுங்கள்: மாசிக் கடைசியில் வெயிலுக்கு முன் ஒருமுறை, ஆடிக்காற்று ஓய்ந்தபின் ஒருமுறை. பொங்கலுக்குச் சுவரைச் சுரண்டி வெள்ளையடிக்கும் நாளில் கணினியை அணைத்துவிட்டு முழுவதும் மூடிவையுங்கள். பட்டி தேய்க்கும்போது பறக்கும் மாவு மிக நுண்மையானது. எந்த வலையும் அதைத் தடுக்காது.

கணினியை அணைத்து, வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினட்டைத் தொட்டால் எப்போதும் லேசாகச் சுரீர் என்கிறது என்றால் வீட்டில் எர்த் சரியில்லை. முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், தூசு காத்திருக்கும். பெட்டியை வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ தூக்கிக்கொண்டு போய்ப் பக்கப் பலகையைக் கழற்றுங்கள்.

மேலோட்டமாகப் பார்த்துச் சுத்தமாக இருக்கிறது என்று மூடிவிடாதீர்கள். ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. பிராசசரின் மேல் இருக்கும் ஃபேனின் இறக்கைகளில் மெல்லிய சாம்பல் பூச்சுதான் தெரியும். அந்த ஃபேனை மட்டும் நான்கு திருகோ கொக்கியோ விடுவித்துத் தூக்கிப் பாருங்கள். ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் இடையே, தூசும் முடியும் பஞ்சும் சேர்ந்து கம்பளித் துண்டு போல ஒரே விரிப்பாகப் படிந்திருக்கும். விரல் நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால் முழுதாகவே உரிந்து வரும். மேலே ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்று அந்த விரிப்பைத் தாண்டித் தகட்டைத் தொடவே இல்லை. கேட்டதெல்லாம் வெறும் இரைச்சல். பல வீடுகளில் இந்த ஒரு விரிப்பை எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஊதுவதற்குக் கையில் பிடிக்கும் மின்சார புளோயர் நல்லது; ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். பெட்டியைப் பஞ்சர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காற்றடிப்பவர்கள் உண்டு. கம்ப்ரசர் தொட்டிக்குள் தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் தங்கியிருக்கும். அழுத்தமும் மிக அதிகம். அதை மதர்போர்டின்மேல் பாய்ச்ச வேண்டாம். வீட்டு வேக்குவம் கிளீனரின் பிளாஸ்டிக் முனையும் நிலைமின்சாரத்தை உண்டாக்கும் என்பதால் உள்ளே விடாதீர்கள். எதைக் கொண்டு ஊதினாலும் ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் விசையில் கண்டபடி சுற்றினால் பேரிங் தேயும். சுற்றும் மோட்டார் மின்சாரத்தை மதர்போர்டுக்குத் திருப்பி அனுப்பவும் கூடும். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை வெளியிலிருந்து ஊதுவதோடு நிறுத்துங்கள். அதைத் திறக்கவே கூடாது. வயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

மூடுவதற்குமுன் பின்பக்கம் பாருங்கள். கார்டு செருகும் இடங்களில் தகரப் பட்டை இல்லாமல் திறந்திருந்தால் அடைத்துவிடுங்கள். கதகதப்பான இடம் தேடும் பல்லிக்கு அந்த நீளமான துளை போதும். மதர்போர்டின்மேல் காய்ந்து கிடக்கும் பல்லியைப் பார்க்காத சர்வீஸ்காரர் இந்தப் பக்கம் இருக்க மாட்டார்.

ஐந்தாம் படி: தெர்மல் பேஸ்ட்

சுத்தம் செய்தபின்னும் வித்தியாசம் 50-க்குமேல் இருக்கிறதா? ஒரு சோதனை செய்யுங்கள். பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு அதே கடும் வேலையை மறுபடி ஓட்டுங்கள். வெப்பம் 8, 10 டிகிரி இறங்கினால் கேபினட்டில் காற்றோட்டம் போதவில்லை. ஆறாம் படிக்குப் போங்கள். இறங்கவே இல்லை என்றால் குறை பிராசசருக்கும், அதன் சூட்டை வாங்கும் அலுமினியத் தகட்டுத் தொகுதியான ஹீட் சிங்குக்கும் இடையே இருக்கிறது. பலகையைக் கழற்றி மேசை விசிறியைத் திருப்பிவைப்பது சோதனைக்குச் சரி. அதையே நிரந்தர ஏற்பாடாக வைத்துக்கொண்டால் தூசுக்கும் பல்லிக்கும் குழந்தைகளின் விரலுக்கும் வழி திறந்துவிடுகிறீர்கள்.

ஐந்தாறு ஆண்டு பழைய கணினியில், இந்த இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். ரைசன் பிராசசர்களில் 5000 வரிசை வரை, ஹீட் சிங்கைக் கழற்றுவதற்குமுன் கணினியைச் சில நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, ஹீட் சிங்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகிவிட்டு எடுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் பிராசசரும் ஒட்டிக்கொண்டு வரும்; அடியில் இருக்கும் ஊசிகள் வளையும். பழைய பேஸ்டைத் துடைக்கச் செல்போன் பழுதுபார்க்கும் கடைகளில் பயன்படுத்தும் ஐ.பி.ஏ. (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) திரவமும் பஞ்சு விடாத துணியும் வேண்டும். புதிய பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு, நடுவில். ஹீட் சிங்கின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும்.

இன்டெல்லோடு வரும் வட்டமான ஹீட் சிங்கில் நான்கு பிளாஸ்டிக் கால்கள் இருக்கும். எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள். நான்கும் ‘டக்’ என்று விழ வேண்டும். பிறகு மதர்போர்டின் பின்பக்கம் நான்கு கால்களும் வெளியே எட்டிப்பார்க்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்று மாட்டாமல் இருந்தால், கணினியைப் போட்ட சற்று நேரத்திலேயே வெப்பம் 90-ஐத் தாண்டும்.

அந்த வட்ட ஹீட் சிங்க் சிறியது. கடும் வேலையில் இரைவதற்கு அதுவே காரணம். வெப்பக் குழாய்கள் நான்கும் 120 மி.மீ. ஃபேனும் கொண்ட டவர் வகை கூலர், டீப்கூல் ஏ.கே.400 போன்றது, நடுத்தரப் பிராசசருக்குத் தாராளம். வாங்குமுன் கேபினட்டின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள், ஏ.கே.400 சுமார் 155 மி.மீ. உயரம், ஒல்லியான கேபினட்டில் பலகை மூடாது. தண்ணீர் ஓடும் கூலர் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். இரைச்சலுக்குப் பயந்து வாங்குகிறீர்கள்; அதிலும் ரேடியேட்டர் ஃபேன்கள் இருக்கின்றன, கூடவே பம்பின் முனகலும் சேரும்.

ஆறாம் படி: காற்றின் வழி

முன்னும் கீழும் குளிர்ந்த காற்று உள்ளே, பின்னும் மேலும் சூடான காற்று வெளியே. ஃபேனின் எந்தப் பக்கம் குறுக்குச் சட்டங்கள் தாங்கிப் பிடித்திருக்கின்றனவோ அந்தப் பக்கமாகக் காற்று வெளிவரும். மாட்டும்போது அதைப் பார்த்து மாட்டுங்கள். உள்ளே வரும் காற்று வெளியேறுவதைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பது நம் ஊருக்கு ஏற்றது. அப்போது பெட்டியின் சந்துபொந்துகள் வழியாகத் தூசு இழுக்கப்படாது; வலை வைத்த வழியாகவே காற்று வரும். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்பது பெரும்பாலான வீடுகளுக்குப் போதும்.

ஃபேன் எண்ணிக்கையைக் கூட்டினால் சத்தமும் கூடும் என்று நினைப்பது இயல்பு. கணக்கு வேறு மாதிரி. ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஆனால் சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குச் சத்தம் பாதியானதாகத் தோன்றும். ஒரே மாதிரியான இரண்டு ஃபேன்களைச் சேர்த்து ஓட்டினால் கூடுவது 3 டெசிபல்தான். ஆக, 1,400 சுற்றில் அலறும் ஒரே ஃபேனுக்குப் பதிலாக 700 சுற்றில் இரண்டு ஃபேன்களை வைத்தால், ஏறத்தாழ அதே காற்று, சுமார் 12 டெசிபல் குறைவான சத்தம். பெரிய ஃபேன், குறைந்த வேகம் என்பதே எல்லா அமைதியான கணினிகளின் சூத்திரம். 80 மி.மீ. ஃபேன் மாட்டிய பழைய பெட்டியில் 120 மி.மீ. மாட்ட இடமிருந்தால் மாற்றிவிடுங்கள். பரப்பு இரண்டேகால் மடங்கு.

கேபினட்டோடு வரும் வண்ண விளக்கு ஃபேன்களில் பல, நான்கு பெரிய துளைகள் கொண்ட மோலெக்ஸ் இணைப்பில் நேராக எஸ்.எம்.பி.எஸ்.-உடன் மாட்டப்பட்டிருக்கும். அவற்றின் வேகத்தை எந்த மென்பொருளும் மாற்ற முடியாது. வாங்கிய நாள் முதல் முழு வேகம்தான். விளக்கின் அழகுக்குக் கண் மயங்கியவர்களின் காது இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. மதர்போர்டே வேகத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய, நான்கு முனை கொண்ட பி.டபிள்யூ.எம். வகை ஃபேன்களாக மாற்றி, மதர்போர்டில் செருகுங்கள். ஆர்க்டிக் பி12 விலைக்கு ஏற்ற நல்ல சரக்கு. நாக்டுவா மிக நன்று, விலையும் மிக அதிகம். ஊர்க் கடைகளில் இவை எப்போதும் இருக்காது. கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரின் எஸ்.பி. ரோடுக்குப் போய் வாங்கிவருபவர்கள் அதிகம். இணையத்தில் வாங்கினாலும் சரி.

முன்பக்கம் முழுக் கண்ணாடி வைத்த கேபினட் என்றால் ஃபேனை மாற்றியும் பயன் குறைவு. உள்ளே காற்று வரவே வழியில்லை. அடுத்த முறை வாங்கும்போது முன்பக்கம் சல்லடையாக இருக்கும் பெட்டியை வாங்குங்கள்.

ஏழாம் படி: ஃபேன் கர்வ்

இங்கேதான் சித்திரையும் மார்கழியும் சந்திக்கின்றன. எந்த வெப்பத்தில் ஃபேன் எத்தனை சதவீத வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதை, கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரையான பயாஸில் ஒரு கோடாக வரையலாம். ஆசுஸ் மதர்போர்டில் கியூ-ஃபேன், ஜிகாபைட்டில் ஸ்மார்ட் ஃபேன், எம்.எஸ்.ஐ.-யில் ஹார்டுவேர் மானிட்டர் என்ற பெயர்களில் இருக்கும். விண்டோஸுக்குள்ளிருந்தே செய்ய ஃபேன் கண்ட்ரோல் என்ற இலவச மென்பொருளும் உண்டு.

முதலில் ஒரு விஷயத்தைச் சரிபாருங்கள். மூன்று முனை ஃபேன் செருகிய இடம் பி.டபிள்யூ.எம். முறையில் இருந்தால் அது எப்போதும் முழு வேகத்தில்தான் ஓடும். மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றும் டி.சி. முறைக்கு மாற்றுங்கள். எப்போது பார்த்தாலும் இரைகிறது என்ற புகார்களில் பல, இந்த ஒரே மாற்றத்தில் முடிந்துவிடும்.

பயாஸின் இயல்பான கோடு 40 டிகிரியிலிருந்தே ஏறத் தொடங்கும். ஜனவரியில் சும்மா இருக்கும் பிராசசர் 38 டிகிரியில் இருக்கும். கோடு ஏறும் இடத்துக்கு வெளியே. ஏப்ரலில் அதே பிராசசர் சும்மா இருக்கும்போதே 51 டிகிரி. இப்போது அது ஏறும் கோட்டின் நடுவில் நிற்கிறது. பிரவுசரில் ஒரு பக்கம் திறந்தால் ஒரு நொடியில் 60-க்குத் தாவும், அடுத்த நொடியில் இறங்கும். ஃபேனும் கூடவே ‘உஸ்… உஸ்…’ என்று ஏறி இறங்கும். சீரான சத்தத்தைக் காது சீக்கிரம் மறந்துவிடும். ஏறி இறங்கும் சத்தத்தை மறக்கவே மறக்காது.

ஆகவே கோட்டின் தட்டையான பகுதியை ஏப்ரலின் சும்மா வெப்பத்தையும் அதன் தாவலையும் தாண்டி நீட்டுங்கள். ரைசன் 5 5600 அல்லது இன்டெல் ஐ5 12400 அளவிலான பிராசசருக்கு நான் தொடங்கும் கோடு இது: 65 டிகிரி வரை 35 சதவீதம், 75-இல் 50 சதவீதம், 82-இல் 75 சதவீதம், 87-இல் முழு வேகம். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தாமதம் வைக்கும் வசதி இருந்தால் மூன்று முதல் ஐந்து நொடி கொடுங்கள். கேபினட் ஃபேன்கள் இன்னும் சோம்பேறியாக இருக்கலாம்; பெட்டிக்குள் காற்று சூடாவது நிமிடக் கணக்கில் நடப்பது, நொடிக் கணக்கில் அல்ல.

35 சதவீதம் உங்கள் ஃபேனுக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் ஃபேன் நின்றுவிடும். அதற்கு ஐந்து, பத்து சதவீதம் மேலே நிறுத்துங்கள். பிராசசர் ஃபேன் மிக மெதுவாகச் சுற்றினால் சில மதர்போர்டுகள், ஃபேன் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கணினியைத் தொடங்கும்போது எச்சரிக்கும். பயாஸில் குறைந்தபட்ச வேக வரம்பைத் தாழ்த்தினால் சரியாகும்.

இதைச் சித்திரைக் கோடு என்று பயாஸில் ஒரு ப்ரொஃபைலாகச் சேமியுங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு தட்டையான பகுதியை மட்டும் 35-லிருந்து 25 சதவீதத்துக்கு இறக்கி, இரண்டாவது ப்ரொஃபைலாகச் சேமியுங்கள். மேல்பகுதியைத் தொட வேண்டாம். மாசியில் மறுபடி முதலாவதுக்கு மாறுங்கள்.

எட்டாம் படி: சூட்டையே குறைப்பது

ஃபேன் என்பது உண்டான சூட்டை வெளியே தள்ளுவது. உண்டாகும் சூட்டையே குறைத்தால் இரண்டு வேலையும் மிச்சம். ஐ5 12400-இன் அடிப்படை மின் அளவு 65 வாட், ஆனால் வேகமெடுக்கும்போது 117 வாட் வரை போகும். பல மதர்போர்டுகள் அந்த மேல் அளவையே நிரந்தரமாக விட்டுவைக்கும். பயாஸில் நீடித்த மின் வரம்பை 65 வாட்டுக்கு இறக்கினால், கணக்குப் பார்ப்பது, படம் பார்ப்பது, பாடம் படிப்பது எதிலும் வேறுபாடு தெரியாது. நீண்ட ரெண்டர் மட்டும் கொஞ்சம் தாமதமாகும். ரைசனில் ஈகோ மோடு இதே வேலையைச் செய்யும்.

பயாஸுக்குள் போகத் தயங்குபவர்களுக்கு விண்டோஸில் ஒரு குறுக்குவழி: பவர் ஆப்ஷன்ஸில் பிராசசரின் உச்ச அளவை 100-லிருந்து 99 சதவீதமாக்கினால் பெரும்பாலான கணினிகளில், தேவைப்படும்போது பிராசசர் தானே எடுக்கும் கூடுதல் வேகமான டர்போ நின்றுவிடும். சூடு சட்டென்று இறங்கும். பிற்பகல் மூன்று மணி வெயிலுக்கு மட்டும் இப்படி வைத்துக்கொண்டு, இரவில் திரும்ப 100 ஆக்கிக்கொள்ளலாம்.

கிராபிக்ஸ் கார்டு இருந்தால் எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் பவர் வரம்பை 80 சதவீதமாக்குங்கள். விளையாட்டின் வேகம் சொற்பமே குறையும். சூடும் சத்தமும் நன்றாகவே குறையும்.

ஒன்பதாம் படி: அதிர்வும் மற்றவையும்

ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் ஓடினால் எஸ்.எஸ்.டி.-க்கு மாறுங்கள், சத்தம் அடியோடு போகும். படங்களையும் வீடியோக்களையும் சேமிக்க ஹார்டு டிஸ்க் வேண்டும் என்றால் ரப்பர் வளையம் வைத்துத் திருகுங்கள். பெட்டியின் கால்களுக்கு அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டுகளை வைத்தால் மேசை ரீங்கரிப்பது நிற்கும். சுவர்களில் ஒட்டும் ஒலித்தடுப்பு நுரையைப் பெட்டிக்குள் ஒட்டும் யோசனையை இந்த வெயிலில் மறந்துவிடுங்கள். அது சூட்டையும் உள்ளே அடைத்து வைக்கும்.

மின்தடை வந்ததும் கணினியிலிருந்து புதிதாக ஓர் உறுமல் கேட்டால் சந்தேகத்தை இன்வெர்ட்டர் பக்கம் திருப்புங்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் சீலிங் ஃபேன் உறுமுவதைக் கேட்டிருப்பீர்கள், எஸ்.எம்.பி.எஸ்.-உம் அப்படியே. சைன் அலை இன்வெர்ட்டரில் இது இருக்காது. யு.பி.எஸ். பெட்டியைக் கேபினட்டின் மேலோ கீழோ அடுக்காமல் தனியாக வையுங்கள். அதுவும் சூடாகும், அதன் பேட்டரி வெப்பத்தில் சீக்கிரம் தளரும்.

எல்லாம் முடிந்தபின் முதல் படியின் மூன்று எண்களையும் மறுபடி எடுங்கள். ஏப்ரல் கடைசியில், பிற்பகல் மூன்று மணிக்கு, மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில், உங்கள் வழக்கமான கடும் வேலையோடு இன்னொரு முறை அளங்கள். 85-க்குள் நின்றால் எதையும் தொட வேண்டாம். தாண்டினால் ஃபேன் வேகத்தைக் கூட்டுவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்: முதலில் முன்பக்க வலை அடைந்திருக்கிறதா என்று பார்த்து, பிறகு மின் வரம்பைப் பத்துப் பத்து வாட்டாக இறக்கிக்கொண்டு வாருங்கள்.